நிவேதா ஐதராபாத் போகக் கூடாததற்கான காரணங்கள்

ஜவ்வாது மலை,
வியாழக்கிழமை காலை.

மதிப்புக்குரிய மச்சான் ரங்கசாமி அவர்களின் சமூகத்துக்கு, மில்லுக்கார சிங்காரம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை செல்லி, மகள் நிவேதா, இரண்டு மாடு, ஆறு ஆடு யாவரும் சௌக்கியம். சாமை அரைக்கிற மெஷினுக்கு மட்டும் பெல்ட் சரியில்லை. அங்கே வேலூரில் தங்களுடைய சௌக்கியமும், அக்காவின் முழங்கால் சௌக்கியமும், தங்கள் சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது என்பதும் தெரிந்தால் மனசு ஆறும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு வாயிலிருந்து உங்கள் காதுக்கு வருவதற்குள். போன திங்கட்கிழமை நிவேதாவுக்குத் தெரியாமல் அவள் படிக்கிற பல்கலைக்கழகத்துக்குப் போனேன், அதுதான் நம் மலைக்குக் கீழே இருப்பது. அவளுடைய பிசிக்ஸ் வாத்தியாரைப் பார்த்து ஒரு யோசனை கேட்கலாம் என்று எண்ணம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கேட்டில் நின்ற செக்யூரிட்டி சட்டையைப் பார்த்துவிட்டு, பேரண்ட்ஸ் மீட்டிங் முதல் மாடி என்றார். நானும் ஒரு பேரண்ட்தானே என்று ஏறிவிட்டேன். உட்கார்ந்த உடனே டீயும் இரண்டு பிஸ்கட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாத்தியார் எழுந்து, இரண்டாம் வருஷம், மலையிலிருந்து வருகிற ஸ்டூடண்டின் அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டார். எழுந்து நின்றேன். அதற்குப் பிறகு கால் மணி நேரம் அர்ச்சனை. வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை, வந்தால் தூக்கம், போதாததற்கு தாடி. தாடி என்றபோது எனக்கே கொஞ்சம் சந்தேகம் தட்டியது. ஆனால் பிஸ்கட்டைத் தின்றாகிவிட்டது, டீயும் பாதி உள்ளே போய்விட்டது, அந்த நிலைமையில் நழுவுவது மரியாதையாகத் தெரியவில்லை. இனிமேல் தினமும் வரும், தாடியும் எடுத்துவிடும் என்று உறுதி சொல்லி, நீட்டின காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து ஒருவர், "யோவ், என் புள்ள கோகுலகிருஷ்ணனுக்கு நீ யாருய்யா மன்னிப்பு கேக்கறதுக்கு?" என்றார். அது சிவில் இன்ஜினியரிங் மீட்டிங்காம். பிசிக்ஸ் எங்கே என்று விசாரித்தேன். பிசிக்ஸ் வாத்தியார் ஆடி மாசமே வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் ரூமில் இப்போது நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

போனில் சொல்லாமல் இதை ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் நாலாவது படியில் மட்டும்தான். மூன்றாவது படியிலும் ஐந்தாவது படியிலும் எப்போதும் யாராவது முறை காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் பொழுது போக வேண்டும் இல்லையா. போன வாரம் உங்களோடு நான் பேசி முடித்துவிட்டு இறங்கும்போது ஐந்தாவது படியில் இருந்தவர், "உன் மச்சான் சொல்றதுலயும் ஒரு நாயம் கீது" என்றார். அதனால்தான் கடிதம்.

விஷயம் உங்களுக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்கிறேன். ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நட்சத்திரம், கிரகம் இதெல்லாம் தனிப் படிப்பாகவே சொல்லித்தருகிறார்களாம். நம் பெண் யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டு, ஏதோ பரீட்சையும் கம்ப்யூட்டரிலேயே எழுதிவிட்டாள், அடுத்த செமஸ்டரிலிருந்து அங்கே வந்து படிக்கலாம் என்று அவர்களும் பதில் போட்டுவிட்டார்கள். இங்கே டி.சி. வாங்கிக்கொண்டு அங்கே போக வேண்டியதுதான். ஒரே ஒரு குறை. அப்பாவின் சம்மதம் என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட்டு, நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து மணி தாண்டினால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "அப்பா, நீ இன்னா சொல்றியோ அதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். மச்சான், அவள் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அழுதிருந்தால் தோற்றிருப்பேன். இரண்டில் ஒன்று முடிந்திருக்கும். இப்படி மரியாதையாகப் பேசினால் நான் என்ன செய்வது?

அவள் போகக் கூடாது என்பதற்கு என்னிடம் தகுந்த காரணங்கள் இருக்கின்றன. நாடு முழுக்க இருந்து படித்தவர்கள் பெரிய டெலஸ்கோப்பில் வானத்தைப் பார்க்க நம் காவலூருக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்று என் மில்லு வாசல் பல்புக்கு நான் டால்டா டப்பாவை வெட்டிக் குல்லா மாதிரி மாட்டி வைத்திருக்கிறேன், சாமான் எடுக்க வருகிறவர்கள் படி தெரியாமல் தடுக்கி விழுந்தாலும் பரவாயில்லை என்று. இத்தனை செய்து காப்பாற்றி வைத்திருக்கிற வானத்தை விட்டுவிட்டு, வானத்தைப் படிக்க ஐதராபாத்துக்குப் போகிறேன் என்றால் கேட்கிறவன் சிரிக்க மாட்டானா? இதை அவளிடமே கேட்டேன். "வானம் இங்க கீதுப்பா. வாத்தியார் அங்க கீறாரு" என்றாள். அந்த நாற்காலிகள் ஞாபகத்துக்கு வந்தன.

அடுத்தது சாப்பாடு. அந்த ஊரில் எல்லாவற்றிலும் காரம் என்கிறார்கள். இவள் ரசத்தில் மிளகு அதிகமானால் தண்ணீர் கேட்கிற பெண். அடுத்தது பாஷை. தெலுங்கு அவளுக்குத் தெரியாது, எனக்கு நாலு வார்த்தை தெரியும், அந்த நாலும் மாட்டுச் சந்தையில் கற்றது, பொம்பளைப் பிள்ளைக்குச் சொல்லித்தரும்படி இல்லை. அடுத்தது தூரம். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கிவிடுகிறாள். நான் அந்த நேரத்துக்குத் தீப்பெட்டி வாங்க பஸ் நிற்கிற இடத்துக்குப் போவது வழக்கம். தற்செயலாகத்தான். "அட, நீ இந்த பஸ்லயா வந்த?" என்று கேட்டு அவள் பையை வாங்கிக்கொண்டு வருவேன். ஒன்றரை வருஷமாக வாரம் ஒரு தீப்பெட்டி வாங்கியதில் வீட்டில் எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது, நம் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து அதைப் பற்றவைக்க லைட்டரும் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஐதராபாத் போனால் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி மறுநாள்தான் போய்ச் சேரணும். வருஷத்துக்கு இரண்டு தரம் வருவாள். நான் தீப்பெட்டிக்கு எங்கே போவது?

இந்தக் காரணங்களையெல்லாம் மில்லில் ராணியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராணியம்மாள் என்பது எதிர் வீட்டு அம்மா, நீங்கள் போன தடவை வந்தபோது உங்கள் தலைமுடி எப்போது கொட்டியது என்று விசாரித்தார்களே, அவர்கள்தான். அறுவடை சமயம், சாமையைக் கொண்டுவந்து இருபது பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். மெஷின் ஓடும்போது கத்தித்தான் பேசணும். ராணியம்மாள், பெண்ணைத் தைரியமாக அனுப்பு, இல்லாட்டி மனசில் இருப்பதை அதனிடமே சொல்லு என்று கத்துகிறார்கள். நான் அதற்குப் பதில் கத்தும்போது கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றுபோன நிசப்தத்தில், "அவ இல்லாத வூட்டுல எனக்கு சோறு எறங்காது" என்ற என் குரல் மட்டும் மலையில் தனியாக ஓடியது. இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் பெல்ட்டைப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அது தண்ணீர்த் தொட்டி ஐந்தாவது படி வரைக்கும் ஏறிவிட்டது. நல்ல வேளையாக, இந்த வாரம் லீவு போட்டு வந்திருக்கிற நிவேதா அன்றைக்கு ஜமுனாமரத்தூரில் ஒரு சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்தாள்.

இதன் பிறகுதான் உங்கள் தங்கை, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். மலையில் பெரிய காரியம் எதையும் சாமியைக் கேட்காமல் நாம் செய்வதில்லை, அது உங்களுக்கே தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி. மந்தார இலையில் மடித்துக் கட்டி சாமி காலடியில் போட்டு, காரியத்துக்குச் சம்பந்தம் இல்லாத ஆள் ஒன்றை எடுக்கணும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நிற்கணும் என்று பேச்சு. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும், பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள், வீட்டுக்குப் பெரியவன் என்று.

மச்சான், உங்களிடம் மறைக்க மாட்டேன். இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டினேன். சாமி குத்தம்தான். ஆனால் சாமிக்கு ஊரில் எத்தனையோ வேலை, அறுவடை வேறு, இந்த ஒரு விஷயத்தை நான் பார்த்துக்கொண்டால் அவருக்கும் ஒத்தாசை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சாக்கு தைக்கிற நூலால் கெட்டியாகக் கட்டி, தட்டில் வைத்து, குளிக்கப் போனேன். திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பூசாரி மணிவேல் கற்பூரம் காட்டி, சம்பந்தம் இல்லாத ஆள் யாரு என்றார். ராணியம்மாள் முன்னால் வந்தார்கள். இந்த விஷயத்தில் சம்பந்தம் இல்லாத ஆள் ராணியம்மாள் என்றால் பிறகு சம்பந்தப்பட்டவர் யார் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் எதை எடுத்தாலும் சிவப்புதானே என்று பேசாமல் நின்றேன். எடுத்துப் பிரித்தார்கள். வெள்ளை.

ஒரு நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சாமி என் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார் என்றே நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மணிவேல் கூட, என்னா பக்தி என்று பார்த்தார். அப்புறம்தான் அவிழ்த்துப் போட்ட கட்டைக் கவனித்தேன். சாக்கு நூல் இல்லை. வாழைநார். எங்கள் வீட்டில் வாழைநாரில் பூக்கட்டுகிற ஆள் ஒருத்தர்தான். நான் குளிக்கப் போன நேரத்தில் உங்கள் தங்கை இரண்டையும் பிரித்து, இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டியிருக்கிறாள். செல்லியைத் திரும்பிப் பார்த்தேன். சாமியை உற்றுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு பொட்டலத்தை ஓடையில் விடும்போது அதுவும் வாழைநாராகவே மிதந்து போனதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். நான் அவளை ஒன்றும் கேட்க முடியாது. கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். அவளும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறோம். நேற்று எனக்கு இரண்டாம் தரம் குழம்பு ஊற்றினாள், நான் கேட்காமலே.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மகளைப் பிரிந்தால் முதலில் அழுவது அவள் என்றுதான் நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்க அம்மா தாங்க மாட்டாள் என்று நிவேதாவிடமே நாலு தரம் சொல்லியிருக்கிறேன். அந்தக் காரணமும் இப்போது ஓடையோடு போய்விட்டது.

ஆகவே நிலவரம் இது. நியாயமாகப் பார்த்தால் சாமி இன்னும் வாயையே திறக்கவில்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான் மாறி மாறிப் பேசியிருக்கிறோம். ஊருக்கு இதை விளக்க முடியாது. அதனால் தங்களை மன்றாடிக் கேட்பது என்னவென்றால், நீங்கள் கவர்ன்மெண்ட் ஆபீசில் இருந்தவர், நிவேதா உங்கள் பேச்சுக்கு மதிப்பு கொடுக்கிறவள். இந்தக் கடிதத்தை இன்றைக்கே வேலூர் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், ராத்திரிக்குள் உங்களுக்குக் கிடைத்துவிடும். நாளைக் காலையில் போன் போட்டு, உங்களுக்கே தோன்றின மாதிரி, மூன்றாம் வருஷம் முடிகிற வரைக்கும் இங்கேயே படி, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். என் பேர் வரக் கூடாது. அப்பா இன்னா சொல்றாரு என்று கேட்டால், அவருக்கு உன் விருப்பம்தான் என்று சொல்லிவிடுங்கள். அவள் நாலாவது படியில் நின்று பேசுவாள், நான் கீழே குழாயடியில் தற்செயலாகக் குடம் கழுவிக்கொண்டிருப்பேன்.

அக்காவின் முழங்காலுக்கு இங்கே கிடைக்கிற மலைத்தேனும் ஒரு மூலிகைத் தைலமும் அனுப்புகிறேன். எது குடிப்பது, எது தடவுவது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மழை தண்ணியோடு, கரண்ட் நிற்காமல் வாழ வேண்டும் என்று நம் மலைச்சாமியை (அவர் இன்னும் என் பேச்சைக் கேட்பாரானால்) வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
சிங்காரம்.

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு:

நேற்று வேலூர் பஸ் வரவில்லை. வளைவில் ஏதோ பிரேக்டவுன் என்றார்கள். கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. அதனால் மேலே எழுதியிருப்பது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். போனும் போட வேண்டாம்.

இன்றைக்கு மத்தியானம் அவளையும் கூட்டிக்கொண்டு திருப்பத்தூர் போனேன், தானிஷ் பாயின் கம்ப்யூட்டர் சென்டருக்கு. தாளை ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டும். என்னிடம் கடைசியாக ஒரு திட்டம் இருந்தது. கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் ஐதராபாத்துக்காரர்களே செல்லாது என்று திருப்பிவிடுவார்கள், என் மேல் பழி வராது. போட்டேன். தானிஷ் அதை வாங்கி என் பான் கார்டோடு வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது உங்க கையெழுத்து மாதிரி இல்லியே, யாருது இது?" என்றார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது. தானிஷ் நல்ல மனுஷன், வேறு தாள் பிரிண்ட் எடுக்கத் திரும்பிக்கொண்டார். மணி நாலு நாற்பது.

நிவேதா என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அப்பா, நீ வேணாம்னு சொல்லு, நான் போவல. சத்தியமா போவல. ஆனா நீ சொல்லு. அம்மாவ சொல்லி, மாமாவ சொல்லி, சாமிய சொல்லி சொல்லாத." மச்சான், நான் இந்தக் கடிதம் எழுதினது அவளுக்குத் தெரியாது. என்னைத் தெரியும், அவ்வளவுதான்.

நான் வாயைத் திறந்தேன். "இந்தப் பேனா எழுதல, வேற குடு" என்றேன். அவளுடைய பேனாவை வாங்கி, பான் கார்டில் இருக்கிற மாதிரியே, ஒரு எழுத்து பிசகாமல் போட்டுக் கொடுத்தேன். நாலு ஐம்பத்தி இரண்டுக்குப் போய்விட்டது என்று தானிஷ் சொன்னார். அடுத்த மாசம் பதினாலாம் தேதி ரயில்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அனுப்புவது எதற்கென்றால், ஒன்றை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இங்கே படிக்கட்டில் சொல்ல முடியாது. நான் பத்தாவது முடித்து வேலூர் பக்கம் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் படிப்பை விட்டு வந்ததும் உங்களுக்குத் தெரியும், பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருக்கிறோம். எங்கள் அப்பாவுக்கு அந்த வருஷம் ஒரு தும்மல் கூட இல்லை. ஹாஸ்டலில் பதினோரு நாள் இருந்தேன். பதினோராம் நாள் சாயங்காலம், ஊர்ப் பக்கம் போகிற பஸ் ஒன்று கேட்டுக்கு எதிரில் நின்றது. பெட்டியைக் கூட எடுக்காமல் ஏறிவிட்டேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு ஞாபகம், அவ்வளவுதான். உங்கள் தங்கைக்கே இது தெரியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வளைவுக்கு வளைவு அதைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அங்கே குளிராக இருக்குமா, போர்வை எத்தனை எடுத்துப் போகணும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ரெண்டு எடுத்துக்கோ என்றேன். பதினோராம் நாள் வந்துடணும்னு இருக்கும்மா, பன்னிரண்டாம் நாள் வரைக்கும் மட்டும் எப்படியாவது இருந்துடு என்பதை மட்டும் சொல்லவில்லை.